செவ்வாயிலிருந்து வந்த மாப்பிள்ளை

எனக்குக் கல்யாணம் தட்டிக்கொண்டே போனதற்குக் காரணம் ஒரு கிரகம். எங்கள் லயத்தில், அதுதான் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குச் செவ்வாய் தோஷம், என்னைக் கட்டிக்கொள்கிறவன் சீக்கிரமே செத்துப்போவான் என்று அம்மா சொல்லியிருந்தாள். முதலில் பட்டிப்பொலயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ரயில் பாதையில் வேலை செய்கிற பையன், நல்ல உயரம். அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, பிஸ்கட் வைத்து, நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். அவர்கள் கிளம்பும்போது மாப்பிள்ளையின் தாயை வாசலில் நிறுத்தி காதில் ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் மலையிறங்கிய வேகத்துக்கு ரயிலே தேவைப்பட்டிருக்காது. அடுத்து வந்தவர்கள் இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்திருந்த குடும்பம். அவர்களுக்கும் அதே தேத்தண்ணி, அதே பிஸ்கட், வாசலில் அதே குசுகுசு.

"ஏம்மா சொல்ற? சொல்லாம இருந்தா என்ன?" என்று கேட்டேன்.

"சொல்லாம கட்டிக்குடுத்து ஒருத்தன் உசுர எடுக்கச் சொல்றியாடி?" என்றாள் அம்மா.

நியாயமான பேச்சு. அப்பா நான் நடை பழகுவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அந்த ஒற்றையறைக் காம்பராவில் நானும் அம்மாவும் ஓர் அடுப்பும்தான். என்னுடைய சாபத்தை அம்மாவும் சேர்ந்து சுமக்கிறாளே என்று எனக்கு அவள் மேல் பாவமாகக்கூட இருந்தது. பாவமாவது! அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தச் சமயத்தில்தான் ருஷ்யாக்காரன் ஒருவன் வானத்துக்குப் போய் உலகத்தைச் சுற்றிவிட்டு வந்தான். ஹட்டனில் நாங்கள் சாமான் வாங்குகிற முஸ்லிம் கடைக்கார நானா மாவு நிறுத்துக்கொண்டே பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். வாசிக்கிற சுவாரசியத்தில் சிலநேரம் மாவு கூடிப்போகும் என்பதால் நாங்கள் எல்லோரும் உலக விஷயங்களில் ரொம்ப ஆர்வமாக இருந்தோம். "இனி சந்திரனுக்குப் போவாங்களாம். அப்புறம் செவ்வாய்க்கிரகம். அங்கயும் ஆளுங்க இருக்கலாம்னு போட்டிருக்கு புள்ள" என்றார் நானா.

மாவுப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அங்கே ஆட்கள் இருந்தால் கல்யாணமாகாத ஆம்பளையும் ஒருத்தனாவது இருப்பானே? செவ்வாயிலேயே பிறந்து வளர்ந்தவனைச் செவ்வாய் என்ன செய்துவிடும்? மீனைத் தண்ணீரில் முக்கியா கொல்ல முடியும்? வழி நெடுகத் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் எட்டாம் நம்பர் மலையில் கொழுந்து. எங்கள் வேலை எப்படியென்றால், ஆளுக்கொரு நிரை. தேயிலைச் செடி வரிசைக்குத்தான் நிரை என்று பேர். பக்கத்துப் பக்கத்து நிரைகளில் எல்லோரும் ஒரே மட்டத்தில் மேலே ஏறிப் போக வேண்டும். கை தன்பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போடும். வாய் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற வாய்க்கு நான்தான் தீனி போடுகிறவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள், எங்கள் கூட்டத்தில் நான் ஒருத்திதான். என் இடது பக்க நிரை அம்மாவுக்கு. வலது பக்கம் அடுத்த காம்பரா அத்தை. அத்தை எனக்கு உறவு ஒன்றும் இல்லை. ஆனால் அவள் வாய்க்குப் பயந்து தோட்டமே அவளை ஏதாவது ஒரு முறை வைத்துத்தான் கூப்பிடும்.

"ஒரு தோட்டத்துல ஒரு புள்ள இருந்துச்சு. அதுக்குத் தோஷம்" என்று ஆரம்பித்தேன்.

"உன்ன மாதிரியா?" என்றாள் அத்தை.

"என்னய விட நல்ல நெறம்."

"அப்ப கதைதான். சொல்லு."

செவ்வாயிலிருந்து ஒருத்தன், ஸ்டோரில் தேயிலை காய வைக்கிற தகரப் பெட்டி மாதிரி ஒன்றில் ஏறி, இந்த எட்டாம் நம்பர் மலை உச்சியிலே வந்து இறங்கினான் என்றேன். ஆள் நல்ல கொழுந்துப் பச்சை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையைப் பார்த்தான். பார்த்ததும் அவன் பெட்டியை மூடக்கூட மறந்துபோய் நின்றான். அவனுக்கு மூன்று கை என்று சொன்னேன் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

"என்னது, மூணு கையா?" அத்தை கிள்ளுவதை நிறுத்திவிட்டாள். "அடிப்பாவி! அவன் மூணு கையில கொழுந்து எடுத்தா எத்தன ராத்தல் எடுப்பான்? அதப் பாத்துட்டு நாளைக்கே துரை எல்லாருக்கும் ராத்தல கூட்டிப்புடுவாரு! ரெண்டு கைக்காரிங்க நாங்க எங்க போறது?"

நிரை முழுக்க ஒரே கூச்சல். ஒருத்தி அவன் தகரப் பெட்டியிலேயே திரும்பிப் போகட்டும் என்றாள். இன்னொருத்தி, அவனுக்குப் பேர் போடக்கூடாது, சும்மா எடுக்கச் சொல்லு என்றாள். குறித்த ராத்தல் எடைக்குக் கொழுந்து எடுத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி என்பது எங்கள் கணக்கு. கையைப் பார்த்துப் பேர் போட்டால் குடி கெட்டது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கிரகத்திலிருந்து ஒருத்தன் வந்து இறங்கியிருக்கிறான், அது எப்படி என்று ஒருத்தி கேட்கவில்லை. கடைசியில், பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது மூன்றாவது கையைக் கம்பளிக்குள் ஒளித்துக்கொள்வான் என்றும், அந்தக் கையை வீட்டில் ரொட்டி சுட மட்டும் பாவிப்பான் என்றும் நான் உடன்படிக்கைக்கு வர வேண்டியதாயிற்று. ரொட்டி சுடுகிற ஆம்பளை என்றதும் கூட்டம் அடங்கியது.

அதற்குப் பிறகு தினமும் அவனைத்தான் விசாரித்தார்கள். பெண்ணைக் கட்டிக் கொடுக்கப் போகிறவர்கள் விசாரிக்கிற மாதிரி.

"அவங்க ஊர்ல சாதி உண்டாடி?"

"பச்ச, கரும்பச்சன்னு ரெண்டு இருக்கு அத்த."

"அதானே! இல்லாம எப்புடி?" அத்தைக்கு நிம்மதி. "இவன் எது?"

"பச்ச."

"பரவாயில்ல."

மற்றொரு நாள் அம்மாவுக்கு அப்பால் நின்ற ஒருத்தி கேட்டாள். "அவனுக்குப் பிரஜாவுரிமை இருக்கா?"

"இல்ல."

"இங்கயும் இல்ல, அங்கயும் இல்லயா?"

"ரெண்டு எடத்துலயும் இல்ல."

"அட, அப்ப அவன் நம்மாளுடி!" என்று சிரித்தாள். தோட்டத்து ஆட்கள் எங்களுக்கு இலங்கையும் பிரஜாவுரிமை தரவில்லை, இந்தியாவும் தரவில்லை. எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து அவனை யாரும் செவ்வாய்க்காரன் என்று சொல்லவில்லை, நம்ம மாப்பிள்ளை என்றுதான் சொன்னார்கள். அம்மா மட்டும் ஒன்றும் கேட்கமாட்டாள். ஆனால் கதை சூடு பிடிக்கிற இடத்தில் அவள் கை வேகம் குறைவதை நான் கவனித்திருக்கிறேன். கங்காணியும் நான்கு நிரை தள்ளி நின்றுகொண்டு, செடியில் பூச்சி பார்க்கிற மாதிரி குனிந்து குனிந்து கேட்பார். கதை கேட்க எல்லோரும் என் வேகத்துக்கு எடுத்ததில் எங்கள் கூட்டத்தின் ராத்தல் கூடிப்போயிருந்தது, அவர் ஏன் தடுக்கப் போகிறார்?

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் நோட்டன் பிரிட்ஜிலிருந்து கரண்டுக் கம்பி இழுக்கிற கூட்டம் எங்கள் மலைக்கு வந்தது. பெரிய பெரிய இரும்புக் கோபுரம் நட்டு, உச்சியில் ஏறி, கம்பி கட்டுவார்கள். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் சங்கிலி வைத்த பட்டை. அதில் ஒருத்தர், நெடுநெடுவென்று வளர்ந்தவர், ஒரு நாள் காலையில், மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, இதென்ன சாமான் இது? விடுதில்லையே!"

பார்த்தால் அட்டை. ஒரே ஓர் அட்டை, கணுக்காலில். வானத்தளவு கோபுரத்தில் சிரித்துக்கொண்டே ஏறுகிற மனிதர், விரல் நீளம் இல்லாத ஒரு பூச்சிக்கு இந்தக் கூத்து. நான் குடத்தை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"சிரியாதேங்கோ, முதல்ல இதைக் கழட்டி விடுங்கோ" என்றார்.

மடியில் இருந்த, துணி துவைக்கிற சவர்க்காரத் துண்டை நனைத்துத் தேய்த்தேன், விழுந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நல்ல கண். யாழ்ப்பாணத்துக்கும் அந்தப் பக்கம், கடலுக்குள் இருக்கிற ஒரு தீவு அவர் ஊர். அங்கே மழையும் குறைவு, மலையும் இல்லை, அட்டையும் இல்லை. நான் கடல் பார்த்ததில்லை, அவர் இந்த வேலைக்கு வரும் வரைக்கும் மலை பார்த்ததில்லை. மறுநாளும் தண்ணீர் பிடிக்க வந்தார், அடுத்த நாளும் வந்தார். அவர்கள் கூட்டத்துக்கு அவ்வளவு தண்ணீர் எதற்கு என்று ஊர் கேட்க ஆரம்பிக்கும் முன்பு, ஒரு நாள் கேட்டே விட்டார்.

"உங்கட அம்மாவோட நான் கதைக்கட்டே?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆசை இல்லாமலா? அவர் குரல் கேட்டாலே எனக்குக் காது சூடாகும். ஆனால் இவர் தினமும் எங்கே ஏறுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். தரையில் நிற்கிற மாப்பிள்ளையே தாங்கமாட்டான் என்கிற தோஷம், கோபுர உச்சியில் நிற்கிறவரை விட்டு வைக்குமா? பட்டிப்பொலக்காரன் போனபோது எனக்கு வருத்தம் மட்டும்தான். இது பயம். காற்று பலமாக அடிக்கிற நாளில் கொழுந்து எடுத்துக்கொண்டே கோபுரத்தைப் பார்ப்பேன், ஒவ்வொரு தடவையும் அவர் இறங்கித் தரையில் கால் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். "இப்ப வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். காரணம் சொல்லவில்லை. சொன்னால் சிரித்துவிட்டு அம்மாவிடம் வந்து நிற்கக்கூடிய ஆள் அவர்.

நேரில் முடியாததைக் கதையில் செய்தேன். செவ்வாய் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொப்பி வந்தது, கறுப்புக் கண்ணாடி வந்தது. உயரமான இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வான். எத்தனை உயரத்திலிருந்து விழுந்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது. அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"ஆமா, செவ்வாயிலருந்து தனியா வந்த ஆம்பள, அட்டையப் பாத்தா ஏன்டி குதிக்கிறான்?" என்றாள் அத்தை ஒரு நாள்.

"அவங்க ஊர்ல அட்ட இல்ல அத்த."

"பச்சையா இருந்தானே, இப்ப கருப்புங்குற?"

"நம்ம வெயிலு பட்டு."

"மூணாவது கை எங்க?"

"அது... சுருங்கிப்போச்சு."

"சுருங்கும், சுருங்கும். இன்னும் என்னென்னவோ சுருங்கும்" என்று அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். அம்மா திரும்பவே இல்லை.

எட்டாம் நம்பர் மலையில் கோபுரம் முழுசாக நின்றதும் புதுக் குழப்பம் கிளம்பியது. காற்றடித்தால் அது உம்மென்று முனகும். எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை, எந்த மெஷின் வந்தாலும் அதற்கு ஒரு முனி உண்டு. தேயிலை ஸ்டோரில் பெரிய சக்கரம் சுற்றுகிற இடத்தில் ரோதைமுனி இருக்கிறார், வருஷம் தவறாமல் சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிடுவோம். அப்படியென்றால் கம்பிக்கு? நானோ, செவ்வாய் மாப்பிள்ளை கோபுர உச்சியில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையைப் பார்க்கிறான் என்று கதை வேறு சொல்லி வைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பிசைந்து அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அங்கே கம்பிமுனி இருக்கிறார். அவரைக் கவனிக்காவிட்டால் கோபுரம் நம் தலையில் விழும். வெள்ளிக்கிழமை காலையில் கோபுரத்தடியில் வாழையிலை விரித்து, சீப்போடு வாழைப்பழம், அவித்த முட்டை, ரொட்டி, சுருட்டு, கால் போத்தல் சாராயம் எல்லாம் வைத்துக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனோம். நானும்தான் கும்பிட்டேன். மேலே ஏறுகிறவரை விழாமல் பார்த்துக்கொள் என்று, நீ எந்த முனியாக இருந்தாலும் பரவாயில்லை என்று, அந்த இரும்புக் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

மத்தியானம் கொழுந்து நிறுக்கப் போகும் வழியில் பார்த்தால், இலையில் பழத்தோல் கிடக்கிறது. முட்டை ஓடு கிடக்கிறது. பக்கத்தில் தொப்பியைத் தலைக்கு வைத்து, அன்று அட்டைக்குக் குதித்த அதே கம்பிமுனி மல்லாந்து தூங்கிக்கொண்டிருக்கிறார்.

"எந்திரிங்க தம்பி!" என்று அத்தை கூடையால் இடித்தாள். அவர் எழுந்து இத்தனை பொம்பளைகளையும் பார்த்து மிரண்டுபோனார்.

"முனிக்கு வச்சத நீங்களா தின்னீங்க?"

"முனியோ? ஆர் முனி?" என்றார். "பசிச்சது, சாப்பிட்டனான். எங்களுக்கெண்டு வச்சிருக்கிறியள் எண்டெல்லோ நினைச்சன். நல்ல மனுசர் எண்டு நினைச்சன்."

"சாராயம்?"

"நான் குடிக்கிறேல்லை."

போத்தல் காலியாகத்தான் கிடந்தது. அன்று சாயந்தரம் கங்காணி எங்களிடம் என்றுமில்லாத மரியாதையாகப் பேசினார் என்பதை மட்டும் சொல்லிவிட்டு அந்த விஷயத்தை விட்டுவிடுகிறேன்.

முனி சாப்பாட்டைத் தின்றவன் அந்த மலையில் ஒரு நாள் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முனி விடாது என்றாள் அத்தை. அப்படி ஒரு வழக்கம் எந்த முனிக்கும் கிடையாது. நின்ற இடத்தில் உண்டாக்கினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சரி அக்கா, வாறன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து அள்ளிப் போடுகிற காலம் என்பதால் அன்றன்றைக்கே காசு தருகிற கைக்காசு வேலை இருந்தது, கம்பிக் கூட்டத்துக்கு லீவு. சொன்ன மாதிரியே வந்து நின்றார். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிவிட்டதும் பொம்பளைகள் சிரித்த சிரிப்பு அடுத்த மலைக்குக் கேட்டிருக்கும். கூடை முதுகில் நிற்காமல் பக்கவாட்டில் சரிந்து சரிந்து விழுந்தது. கொழுந்தை விட்டுவிட்டு முற்றின இலையாகப் பார்த்துப் பிய்த்துப் போட்டார். "இது மாட்டுக்கா தம்பி?" என்றார் கங்காணி. அத்தை கம்பிக்காரரை வேண்டுமென்றே எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உள்ள நிரையில் விட்டிருந்தாள்.

"ம், இப்ப கதையச் சொல்லுடி" என்றாள்.

"இன்னைக்குக் கதை இல்ல அத்த."

"ஏன் இல்ல? தம்பி, இவ நல்லா கதை சொல்லுவா. செவ்வாயிலருந்து ஒருத்தன் வந்து இறங்கி..." என்று அவளே எடுத்துவிட்டாள். தகரப் பெட்டி, மூன்று கை, கரும்பச்சைச் சாதி, ரொட்டி, ஒன்று விடவில்லை. தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் அட்டையையும் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுத்து நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் காது சிவந்துவிட்டது. பூமி பிளந்தால் கூடையோடு உள்ளே போயிருப்பேன்.

"ஏன் செவ்வாயில இருந்து வரவேணும்? வேற கிரகம் இல்லையே?" என்று கேட்டார் அவர்.

"அந்தப் புள்ளைக்குச் செவ்வாய் தோஷம் தம்பி. மத்தவன் கட்டுனா செத்துருவான். அதுக்குத்தான்."

அவர் கை நின்றது. இப்போது அவருக்குப் புரிந்துவிட்டது, பீலிக்கரையில் நான் ஏன் ஓடினேன் என்று. சாதாரணமாகத்தான் கேட்டார். எங்களில் யாருக்கும் இத்தனை நாள் தோன்றாத கேள்வி.

"அவவுக்குத் தோசம் எண்டு சொன்னது ஆர்? சாதகம் எழுதின சாத்திரியார் ஆர்?"

எல்லாத் தலையும் அம்மா பக்கம் திரும்பியது, என் தலையும். அம்மா தலை நிமிராமல் கிடுகிடுவென்று கிள்ளிக்கொண்டிருந்தாள். கொழுந்தில்லாத செடியில்.

"உங்க ஊருக்கு எப்புடிப் போகணும்?" என்றாள் அம்மா. அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

அவர் சொன்னார். ஹட்டனில் ரயில் ஏற வேண்டும், பாதியில் இறங்கி வடக்கே போகிற ரயிலுக்கு மாற வேண்டும், விடிந்த பிறகு பஸ், பஸ்ஸுக்குப் பிறகு வள்ளம்.

"அடேயப்பா, இதுக்குச் செவ்வாயே கிட்ட போல இருக்கே!" என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"அந்தப் புள்ள அவன் கூடப் போயிட்டா, அவ அம்மாவப் பாக்க எப்ப வருவா?" என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள், கதையைக் கேட்கிற மாதிரி. எத்தனை கேள்விக்கு நான் வாய்க்கு வாய் பதில் சொல்லியிருப்பேன்! இந்தக் கேள்விக்குக் கூடைக் கயிற்றைத்தான் இழுத்து இழுத்துச் சரி செய்தேன்.

அம்மா கூடையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"அந்தப் புள்ளைக்குத் தோஷம் இல்ல" என்றாள். "எந்தச் சோசியரும் சொல்லல. அது பொறந்தது லயத்துல, அடை மழையில. மணி பாத்துச் சொல்ல யாரு இருந்தா, சாதகம் எழுத? அவ அம்மா கட்டுன கதை அது. பட்டிப்பொலன்னாங்க, இந்தியான்னாங்க. இந்தியாவுக்குப் போனவ திரும்பி வருவாளா? புருசனும் இல்லாம புள்ளையும் இல்லாம அந்தக் காம்பராவுல அவ சொவரப் பாத்துக்கிட்டா இருப்பா?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுசாக ஞாபகம் இல்லை. கையில் இருந்த, செடி மட்டம் பார்க்கிற மட்டக்கம்பை வீசியெறிந்தது ஞாபகம் இருக்கிறது, அது நான்கு செடி தள்ளி விழுந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் ஒரு மனிதன் என்னால் சாகப் போகிறான் என்று நான் செத்துப் பிழைத்தேனே! ராத்திரியெல்லாம் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? "நீ ஒரு அம்மாவா? பேயி!" என்றேன். எங்கள் கூட்டத்தில் நான் ஒருத்திதான் கதை கட்டுகிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், என்னைவிடப் பெரிய கைகாரி என் பக்கத்து நிரையில் இருந்திருக்கிறாள். அழுகையும் வந்தது, அந்த ஆத்திரத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது. கோபுரத்தில் ஏறுகிறவர் பாட்டுக்கு ஏறலாம், இறங்கலாம், எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை! அழுதுகொண்டே எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது, அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அம்மா போய் மட்டக்கம்பை எடுத்துவந்து என் காலடியில் வைத்தாள்.

அவர் சரிந்த கூடையோடு அம்மாவிடம் போனார். "நான் நோட்டன் பிரிட்ஜிலதான் இருப்பன், அம்மா. அங்க எனக்கு வேலை நிரந்தரம் எண்டு சொல்லிப்போட்டினம். ஊருக்கு வருசத்துக்கு ஒருக்காத்தான் போவன்" என்றார். நோட்டன் பிரிட்ஜ் எங்கள் மலையில் நின்று பார்த்தால் தெரிகிற தூரம். அம்மா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்புறம் அந்தப் புள்ள என்ன செஞ்சா?" என்றாள். "என்னய மன்னிச்சாளா?"

நிரையில் ஒரு கை அசையவில்லை. கங்காணிகூடப் பூச்சி பார்ப்பதை விட்டுவிட்டார்.

"மன்னிக்கல" என்றேன். "ஆனா கல்யாணத்தன்னைக்கு, தாலிய எங்கம்மாதான் எடுத்துக் குடுக்கணும்னு அடம் புடிச்சா."

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அறுத்தவள் தாலியைத் தொடுவதா? எங்கள் தோட்டத்தில் புருஷன் இல்லாதவள் கல்யாணப் பந்தலில் முன்னால்கூட வந்து நிற்கமாட்டாள், அம்மாவும் அத்தனை வருஷம் பின்னால்தான் நின்றிருக்கிறாள். நான் அத்தையைப் பார்த்தேன். இந்த மாதிரி சங்கதிகளில் தோட்டத்துக்கே சட்டம் சொல்கிறவள் அவள்தான், அவள் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அத்தை அம்மாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், குனிந்து ஒரு கொழுந்தைக் கிள்ளித் தன் கூடையில் போட்டாள்.

"செவ்வாயில அதெல்லாம் பாக்க மாட்டாங்க" என்றாள்.